முடியாத கதையை முடித்த படம்

ஜப்பானில் ஒரு அனிமேஷன் படம் உருவாகும் வழி பெரும்பாலும் ஒன்றுதான். வார இதழிலோ மாத இதழிலோ மங்கா எனப்படும் சித்திரக்கதை ஒன்று தொடராக வரும். வாசகர்கள் சேர்வார்கள், தொகுதிகள் விற்கும், பிறகு தொலைக்காட்சித் தொடர், அதற்கும் பிறகு திரைப்படம். 2020 அக்டோபரில் வெளியான ‘டீமன் ஸ்லேயர்: முகென் ரயில்’ இந்த வழியின் உச்சம். அதன் மூல மங்கா அந்த ஆண்டு மே மாதமே முடிந்துவிட்டிருந்தது. கதை எங்கே போய்ச் சேரும் என்று அறிந்த வாசகர்கள், அறிந்த கதையைத் திரையில் பார்க்கத்தான் திரண்டார்கள். படம் ஜப்பானில் மட்டும் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. 2001இல் வந்த ஹயாவோ மியசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ படத்தின் நெடுங்காலச் சாதனை அதோடு முறிந்தது.

அதே மியசாகி 1984இல் இயக்கிய ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நௌசிகா’ இந்த வழியாக வந்த படமில்லை. அதன் மங்கா ‘அனிமேஜ்’ மாத இதழில் 1982 பிப்ரவரியில் தொடங்கி 1994 மார்ச்சில்தான் முடிந்தது. படமோ 1984 மார்ச் 11 அன்றே திரைக்கு வந்துவிட்டது. பன்னிரண்டு ஆண்டுக் கதைக்கு இரண்டாம் ஆண்டிலேயே ஒரு முடிவு எழுதப்பட்டுவிட்டது. அதை எழுதியவர் வேறொருவர் என்றால் இதில் பேச ஒன்றுமில்லை. இங்கே மங்கா வரைந்தவரும் படத்தை இயக்கியவரும் ஒரே ஆள். படத்தில் தான் தந்த ஆறுதலை அடுத்த பத்தாண்டுகளில் மங்காவில் அவரே ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டார். நௌசிகாவைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் படத்தோடு நின்று, ‘சுற்றுச்சூழல் காவியம்’ என்று பட்டம் சூட்டிவிட்டு ஓய்ந்துவிடுகிறது. ஏழு தொகுதிகளையும் படித்தவருக்கு அந்தப் பட்டம் பொருந்தாது என்பது தெரியும்.

தொடக்கத்திலிருந்தே இதில் எல்லாம் தலைகீழ்தான். 1979இல் மியசாகியின் முதல் முழுநீளப் படமான ‘காலியோஸ்த்ரோவின் கோட்டை’ வெளிவந்தது. இன்று கொண்டாடப்படும் அந்தப் படம் அன்று வசூலில் தேறவில்லை. அடுத்த வாய்ப்பு கிடைக்காமல் இருந்தவரைத் தேடிப் போனவர் தோஷியோ சுசுகி. தொகுமா ஷோதென் பதிப்பகம் 1978இல் தொடங்கிய ‘அனிமேஜ்’ இதழின் ஆசிரியர் குழுவில் இருந்தவர் அவர். மியசாகியின் கதைத் திட்டங்களைப் பதிப்பகத்தாரிடம் எடுத்துச் சென்றார். மூலக்கதையாக ஒரு மங்கா இல்லாத படத்துக்குப் பணம் போட முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். மங்காதானே வேண்டும், அதையே வரைந்துவிட்டால் போயிற்று என்று முடிவானது. மியசாகி ஒரு நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார்: படமாக்கும் எண்ணத்தோடு வரைய மாட்டேன், மங்காவில் மட்டுமே முடிகிற ஒன்றைச் செய்வேன். அவர் சொன்னதைச் செய்தார் என்பதற்குப் பக்கங்களே சாட்சி. பிரெஞ்சு ஓவியர் மோபியஸின் தாக்கத்தோடு, கட்டங்களுக்குள் கட்டங்களாக, கோடுகள் அடர்ந்து கிடக்கும் பக்கங்கள் அவை. வார இதழ் மங்காவைப் போல விரல் நகத்தால் தள்ளிக்கொண்டே போக முடியாது. ஒரு பக்கத்தில் நின்று, திரும்பிப் பார்த்து, மறுபடி படிக்க வேண்டியிருக்கும். படமாக்கவே கூடாது என்று வரையப்பட்ட இந்தத் தொடர், பதினாறே அத்தியாயங்கள் வந்திருந்த நிலையில் படமாயிற்று.

கதை நடப்பது ஓர் ஊழிக்குப் பின். ‘ஏழு நாள் நெருப்பு’ என்ற போரில் தொழில்நுட்ப நாகரிகம் எரிந்து ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. பேருருவ வீரர்கள் என்ற உயிருள்ள ஆயுதங்கள் மூட்டிய நெருப்பு அது. எஞ்சிய நிலத்தை ஒரு நச்சுக்காடு விழுங்கிக்கொண்டே வருகிறது. அங்கே பூஞ்சைகள் மரங்களாய் ஓங்கி நிற்கும். முகமூடியின்றி நுழைந்தால் சில நிமிடங்களில் நுரையீரல் அழுகும். காட்டைக் காப்பவை ஓமு என்ற மலை போன்ற பூச்சிகள். அமைதியாக இருக்கையில் அவற்றின் கண்கள் நீலம், சினந்தால் சிவப்பு. கடற்காற்று வித்துகளை அண்டவிடாத ஒரு சிறு பள்ளத்தாக்கின் இளவரசி நௌசிகா. அவளுக்குப் பூச்சிகளிடம் அச்சமில்லை. ஹோமரின் ‘ஒடிசி’யில் கரையொதுங்கிய ஒடிசியஸைக் காப்பாற்றும் இளவரசியிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்ட மியசாகி, குணத்தை எடுத்தது தன் நாட்டுப் பழங்கதையிலிருந்து. ‘த்சுத்சுமி சூனகோன் மோனோகதாரி’ என்ற ஹெய்யான் காலக் கதைத் தொகுப்பில் ஒரு பெண் வருகிறாள். புருவம் மழிக்காமல், பல்லுக்குக் கறுப்புச் சாயம் இடாமல், கம்பளிப்புழுக்களை வளர்த்துக்கொண்டு திரியும் பிரபு வீட்டுப் பெண். அந்தக் கதையைப் படித்த நாள் முதல் அவள் பிற்காலத்தில் என்ன ஆனாள் என்ற கேள்வி தன்னை விடவில்லை என்று மியசாகி எழுதியிருக்கிறார்.

காட்டுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. கியூஷு தீவின் மினமாதா விரிகுடாவில் சிஸ்ஸோ நிறுவனத்தின் ஆலை பல்லாண்டுகள் பாதரசக் கழிவைக் கொட்டியது. மீன் தின்ற பூனைகள் வெறிபிடித்து ஆடிச் செத்தன, பிறகு மனிதர்களின் கைகால்கள் முறுக்கிக்கொண்டன. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலைதான் காரணம் என்று அரசு வாய்திறக்க 1968 ஆயிற்று. நச்சேறிய மீன்கள் வெளியே போகாதபடி 1974இல் விரிகுடாவின் வாயில் கட்டிய வலை 1997இல்தான் அகற்றப்பட்டது. பாதரசம் படிந்த சேற்றைத் தோண்டி எடுத்துக் கரையோரம் புதைத்து, மேலே மண் போட்டு மூடினார்கள். இன்று அந்த இடம் ஒரு பூங்கா. இந்த வரலாற்றில் மியசாகியை உலுக்கியது நாம் எதிர்பார்க்கும் பகுதியில்லை. மீன்பிடி நின்றுபோன அந்த நீரில் மீன் கூட்டங்கள் பெருகின, பாறைகளில் சிப்பிகள் மண்டின என்று கேள்விப்பட்டபோது முதுகுத்தண்டு சிலிர்த்ததாக அவர் சொல்லியிருக்கிறார். மனிதன் கொட்டிய நஞ்சைத் தன் உடலில் ஏற்றுக்கொண்டே உயிர்கள் பெருகும் என்ற அந்தச் செய்தியிலிருந்து முளைத்தது நச்சுக்காடு. இந்த உண்மைக்குள் இரண்டு கதைகள் இருக்கின்றன. இயற்கை எல்லாவற்றையும் கழுவிவிடும் என்றும் அதை வாசிக்கலாம். கழுவப்படாமலேயே வாழ்க்கை தொடரும் என்றும் வாசிக்கலாம். படம் முதலாவதை எடுத்துக்கொண்டது. மங்கா போய்ச் சேர்ந்தது இரண்டாவதில்.

படம் எடுக்க மியசாகி போட்ட நிபந்தனை, இசாவோ தகஹதா தயாரிப்பாளராக இருக்க வேண்டும் என்பது. இருவரும் தோயே அனிமேஷனின் தொழிற்சங்கக் காலத்துத் தோழர்கள். 1968இல் வந்த தகஹதாவின் முதல் படம் ‘ஹோருஸ்’ மியசாகியின் உழைப்பும் சேர்ந்தது. தகஹதா தயங்கினார். தயாரிப்பாளர் என்பவர் யார் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி ஆராய்ந்து, கடைசிப் பக்கத்தில் தனக்கு அந்த வேலை ஒத்துவராது என்று முடித்தாராம். சுசுகி பல இடங்களில் சொல்லிச் சிரிக்கும் கதை இது. கடைசியில் ஒப்புக்கொண்டார். விளம்பர நிறுவனமான ஹகுஹோதோ பணத்தில் பங்கெடுத்தது. மியசாகியின் தம்பி அங்கே வேலை பார்த்ததும் அதற்கு உதவியது. வரையும் வேலை டாப்கிராஃப்ட் என்ற நிறுவனத்திடம் போனது. அமெரிக்கர்களுக்காக ‘தி ஹாபிட்’ படத்தை வரைந்து கொடுத்தவர்கள் அவர்கள். மியசாகியின் பிற்காலப் படங்களை எடுத்த ஸ்டுடியோ கிப்லி அப்போது இல்லை. நௌசிகாவின் வெற்றிக்குப் பிறகு, 1985இல்தான் அது பிறந்தது.

கைவேலை என்ற அளவில் அந்தப் படம் இன்றும் பிரமிக்க வைக்கிறது. ஓமுவின் நடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஓட்டின் ஒவ்வொரு மடிப்பையும் தனித்தனியே தீட்டி வெட்டி, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் ரப்பர் பட்டையால் இணைத்தார்கள். பட்டையை இழுத்துத் தளர்த்தும்போது மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து வெளிவரும். திரையில் அந்த உடலுக்கு வந்த கனம் இப்படி வந்ததுதான். பாதி வெந்த பேருருவ வீரன் உருகி வழிந்துகொண்டே நெருப்பு உமிழும் காட்சியை வரைந்தவர், வேலை கேட்டுத் தோக்கியோவுக்கு வந்த இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர். பெயர் ஹிதேயாகி அன்னோ. 1995இல் ‘எவாஞ்செலியன்’ தொடரை உருவாக்கியவர் அவர்தான். இசை ஜோ ஹிசாய்ஷி. விளம்பரத்துக்கென்று வேறொருவர் இசையில் ஒரு பாட்டு தயாராகி, வானொலியில் புகழும் பெற்றது. படத்துக்குள் அது ஒரு நொடிகூட வராது. அந்த முடிவுக்காகத் தகஹதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி, முடிவுக்கு வருவோம். பெஜிதே என்ற நாட்டார், பள்ளத்தாக்கைப் பிடித்திருக்கும் தோருமேக்கியா நாட்டுப் படையை அழிக்க ஒரு குட்டி ஓமுவைச் சித்திரவதை செய்து, அதைத் தூண்டிலாக்கி, ஓமு மந்தையைப் பள்ளத்தாக்கின் மீது ஏவிவிடுகிறார்கள். மியசாகியின் ஸ்டோரிபோர்டில் நௌசிகா அந்த வெள்ளத்தின் முன் வந்து இறங்குவாள், மந்தை நிற்கும், படம் முடியும். அவ்வளவுதான். தகஹதாவும் சுசுகியும் இதில் நிறைவடையவில்லை. மக்கள் இத்தனை நேரம் உட்கார்ந்து பார்த்ததற்கு ஒரு பெரிய உணர்ச்சி வேண்டாமா என்று பேசிப்பேசி, அவள் மோதித் தூக்கி எறியப்பட்டு இறந்து, பிறகு உயிர்த்தெழ வேண்டும் என்று முடிவெடுத்து மியசாகியிடம் சொன்னார்கள். வெளியீட்டு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஒப்புக்கொண்டார். ஓமுக்களின் பொன்னிற உணர்கொம்புகள் வயல்போல விரிய, குட்டியின் குருதியால் நீலமான உடையில் அவள் எழுந்து நடக்கிறாள். நீல உடை தரித்த ஒருவர் பொன் வயலில் இறங்கி மக்களைத் தூய நிலத்துக்கு அழைத்துச் செல்வார் என்ற பழைய வாக்கு பலித்துவிட்டதாகக் குருட்டுப் பாட்டி அழுகிறாள். அரங்கமும் அழுதது. ஏறக்குறைய 9 லட்சத்து 15 ஆயிரம் பேர் பார்த்த படம் அது. மியசாகிக்கு அந்த முடிவு உறுத்தலாகவே இருந்தது. தன் நாயகியை ஒரு மதச் சித்திரமாக்கிவிட்டோம் என்பது அவருடைய குறை. தகஹதா, தயாரிப்பாளராகத் தனக்கு முழு மகிழ்ச்சி என்றும், மியசாகியின் நண்பனாகத் தான் கொடுக்கும் மதிப்பெண் 30 என்றும் சொல்லிவைத்தார். உயிர்த்தெழ வைத்ததில் அவருக்கும் பங்குண்டு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க வேண்டும்.

மங்காவில் இதே காட்சி இரண்டாம் தொகுதியிலேயே வந்து போய்விடுகிறது. அங்கே அவள் சாவதுமில்லை, உயிர்த்தெழுவதுமில்லை. காயம்பட்ட அவளை ஓமுக்கள் தூக்கி ஆற்றுகின்றன. அதற்குப் பிறகு இன்னும் ஐந்து தொகுதிகள் இருக்கின்றன. படத்தின் உச்சிக் கோபுரமாக நின்றது மங்காவில் ஒரு வாசற்படி.

வேறுபாடுகள் இதோடு நிற்கவில்லை. படத்தில் தோருமேக்கியாப் படை பள்ளத்தாக்கைப் பிடித்து நௌசிகாவின் தந்தையைக் கொல்கிறது. தீயவர் யார், பாதிக்கப்பட்டவர் யார் என்பது தெளிவு. மங்காவில் பள்ளத்தாக்கு தோருமேக்கியாவுக்குக் கட்டுப்பட்ட சிற்றரசு. ஒப்பந்தப்படி, நோயுற்ற தந்தைக்குப் பதிலாக நௌசிகாவே பேரரசின் போருக்குப் படையோடு போக வேண்டியிருக்கிறது. எதிரி தொரோக் என்ற இன்னொரு பேரரசு. படத்தில் அதன் நிழல்கூட இல்லை. குட்டி ஓமுவை வதைப்பதும் மங்காவில் தொரோக் தரப்புதான். படத்தில் வெறும் படையெடுப்பாளராகத் தெரியும் தோருமேக்கியா இளவரசி குஷானா, மங்காவில் தன் சகோதரர்களின் சதிக்கும் தந்தையின் குரூரத்துக்கும் நடுவே தன் வீரர்களை உயிரோடு வீடு சேர்க்கப் போராடும் தளபதி. என்னைக் கேட்டால் நௌசிகாவைவிட முழுமையான பாத்திரம் அவள். புனிதம் ஒட்டாத பாத்திரம் என்பது காரணமாக இருக்கலாம்.

ஆனால் கதைத்திருப்பங்களைவிட முக்கியமானது காட்டின் பொருள். படத்தின் நடுவில் நௌசிகா மணற்சுழியில் விழுந்து காட்டின் அடிக்குப் போகிறாள். அங்கே தெளிந்த நீரும் தூய மணலும். நச்சு மரங்கள் மண்ணிலுள்ள நஞ்சை உறிஞ்சிக் கல்லாக்கிப் பூமியைச் சுத்தப்படுத்துகின்றன என்று கண்டு அழுகிறாள். பெயர்ப்பட்டியல் ஓடும்போது அதே அடிநிலத்தில் அவளுடைய தொப்பிக்குப் பக்கத்தில் ஒரு செடி துளிர்க்கிறது. பொறுத்திருங்கள், பூமி தேறிவிடும் என்பது செய்தி.

மங்காவும் இந்தக் கண்டுபிடிப்பைத் தருகிறது. பிறகு ஒரு கேள்வி கேட்கிறது: இவ்வளவு ஒழுங்காக வேலை செய்யும் காட்டை யார் செய்தார்கள்? இறுதித் தொகுதிகளில் பதில் வருகிறது. காடு இயற்கையின் விளைவே இல்லை. உலகை அழித்த பழைய மனிதர்களே, பூமியைச் சுத்திகரிக்கும் கருவியாக அதை வடிவமைத்தார்கள். ஓமுக்களும் அந்தத் திட்டத்தின் பகுதி. சுத்திகரிப்பு நடக்கும் நெடுங்காலம் தாக்குப்பிடிக்க, அன்றைய மனித உடலையும் நஞ்சுக்கு ஏற்ப மாற்றினார்கள். ஆகவே நௌசிகாவும் அவள் மக்களும் நஞ்சு கலந்த காற்றில்தான் வாழ முடியும். தூய காற்றை மூச்சிழுத்தால் நுரையீரல் குருதி கக்கும். வாக்களிக்கப்பட்ட தூய நிலம் உண்மையிலேயே இருக்கிறது. அங்கே வாழ மட்டும் இவர்களுக்கு உடலில்லை. ஷுவா நகரின் கல்லறையில் முன்னோர்களின் அறிவும், தூய உலகில் குடியேறக் காத்திருக்கும் சாந்தமான புதிய மனிதகுலத்தின் கருக்களும் பாதுகாக்கப்படுகின்றன. கல்லறை பேரம் பேசுகிறது: காலம் வரும்போது உங்களையும் மாற்றித் தருகிறோம், திட்டத்துக்கு ஒத்துழையுங்கள். நௌசிகா மறுக்கிறாள். அவளைத் தாயென்று அழைக்கும் பேருருவ வீரனை ஏவிக் கல்லறையைத் தகர்க்கிறாள். வருங்காலத் தூயவர்களின் கருக்களும் அதில் அழிகின்றன. வெளியே வந்து மக்களிடம் உண்மையை மறைத்துவிடுகிறாள்.

உலகெங்கும் சூழலியலின் முகமாகக் கொண்டாடப்பட்ட பெண், உலக வனவிலங்கு நிதியத்தின் பரிந்துரை பெற்ற படத்தின் நாயகி, கடைசியில் செய்தது இது. தூய்மையாக்கும் திட்டத்தையே அவள் உடைத்தாள். இருளும் அழுக்கும் கலந்ததுதான் உயிர், அவற்றைத் துடைத்தெறிந்த வாழ்வை யாரோ வரைபடம் போட்டுத் தர வேண்டியதில்லை என்பது அவள் தரப்பு. அவள் செய்தது சரியா என்று மங்கா தீர்ப்பு சொல்வதில்லை. பிறக்காத ஒரு மனிதகுலத்தைக் கொன்றவள் என்ற பழியை மியசாகி அவள் தோளிலிருந்து இறக்கவுமில்லை.

இந்தத் திருப்பத்துக்கு வெளியுலகக் காரணங்கள் உண்டு. தொடரைப் பலமுறை நிறுத்திவிட்டு மியசாகி படம் எடுக்கப் போனார். 1986இல் ‘லாப்யூதா’, 1988இல் ‘தோதொரோ’, 1989இல் ‘கிகி’, 1992இல் ‘போர்க்கோ ரோஸ்ஸோ’ என்று படங்களை முடித்துத் திரும்பியபோதெல்லாம் உலகம் வேறாக இருந்தது. தொடர் தொடங்கியபோது பனிப்போர்க் காலம். முடியும்போது சோவியத் ஒன்றியம் இல்லை. யூகோஸ்லாவியா தன் மக்களையே கொன்றுகொண்டிருந்தது. இளமையில் இடதுசாரியாக இருந்தவர், இந்தத் தொடரை முடிக்கும் காலத்தில் மார்க்சியத்தை விட்டுவிட்டதாக 1994இல் ஒரு நேர்காணலில் சொன்னார். மேலான மனிதர்களைத் திட்டமிட்டு உருவாக்கும் எந்த அமைப்பின்மீதும் அவருக்கு வந்த அவநம்பிக்கையைக் கல்லறைக் காட்சியில் பார்க்கலாம். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘இளவரசி மொனோனோகே’ இதன் தொடர்ச்சி. அங்கே வனதேவன் செத்துப்போகிறான். மலையில் மறுபடி பச்சை படர்கிறது, ஆனால் பழைய காடு திரும்புவதில்லை.

இங்கே ஒரு பக்கக் கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. நௌசிகா படத்தில் கிடைத்த பணத்தை மியசாகி தகஹதாவிடம் கொடுத்து, விரும்பிய படத்தை எடுக்கச் சொன்னார். கியூஷுவின் யனகவா நகரைப் பின்னணியாக வைத்து ஓர் அனிமேஷன் படம் எடுக்கலாம் என்று போன தகஹதா, அந்த ஊரின் கால்வாய்களில் சிக்கிக்கொண்டார். குப்பை மண்டி நாறிய கால்வாய்களை மூடிவிட நகராட்சி திட்டமிட்டிருந்தது. நகராட்சி ஊழியர் ஒருவரே அதை எதிர்த்து, மக்களைத் திரட்டி, சேறள்ளி, ஓட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார். தகஹதா கார்ட்டூனை மறந்து அதை ஆவணப்படமாக எடுத்தார். ‘யனகவா கால்வாய்களின் கதை’ 1987இல் வெளிவந்தபோது அதன் நீளம் இரண்டே முக்கால் மணி நேரம். பணமெல்லாம் தீர்ந்துபோனதால், ஈடுகட்ட இன்னொரு படம் எடுத்தாக வேண்டிய நெருக்கடி வந்தது. ‘லாப்யூதா’வும் அதை எடுக்கக் கிப்லியும் உருவானதற்கு இதுவும் ஒரு காரணம். வானிலிருந்து இறங்கும் மீட்பர் சம்பாதித்த பணம், சேறள்ளும் நகரவாசிகளின் கதைக்குச் செலவானது. மங்காவின் மனம் படத்தின் மனத்தைவிட இந்த ஆவணப்படத்துக்குத்தான் நெருக்கம் என்று எனக்குப் படுகிறது.

அமெரிக்காவில் நடந்ததையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். 1985இல் இருபது நிமிடத்துக்கு மேல் வெட்டி, நாயகியை ஸாண்ட்ராவாக்கி, ‘வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்’ என்று வெளியிட்டார்கள். வெட்டாமல் வெளியிட வேண்டும் என்ற கிப்லியின் பிற்காலக் கண்டிப்பு அந்தக் காயத்திலிருந்து வந்தது.

படத்தின் முடிவை மங்கா இப்படி மறுத்ததென்றால், படம் தோல்வியா? இல்லை. முதல் ஒரு மணி நேரத்துக்கு இணையாக மங்காவில் ஒன்றுமில்லை. காற்றின் வேகமும், நௌசிகாவின் கிளைடர் சாயும் கோணமும், காட்டினுள் வித்துகள் பனிபோல் இறங்கும் மௌனமும் திரையில் மட்டுமே சாத்தியம். தவறு இறுதிப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. எங்கே போகும் என்று படைத்தவருக்கே தெரியாத கதையை, தெரிந்ததுபோல் முடித்த தவறு அது. மங்கா முடிந்த 1994இல் ஜப்பானிய மங்கா ஓவியர் சங்கத்தின் உயரிய விருதைப் பெற்றது. பிற்பகுதியைப் படமாக்க மியசாகி முன்வரவில்லை. ஏழு தொகுதிகளையும் முழுதாக மேடையேற்றியவர்கள் கபுகி கலைஞர்கள். 2019 டிசம்பரில் தோக்கியோவின் ஷின்பாஷி என்புஜோ அரங்கில் பகலும் இரவுமாக நடந்த அந்த நாடகத்தில் நௌசிகாவாக நடித்தவர் ஓனோஏ கிகுனோசுகே.

படத்தை ஏற்கெனவே பார்த்தவர்கள் மூன்றாம் தொகுதியிலிருந்து தொடங்கிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அரசியலும் பகைகளும் முதல் அத்தியாயத்திலிருந்தே வேறு. ஆங்கிலப் பதிப்பு கிடைக்கிறது. முதல் தொகுதியிலிருந்தே படியுங்கள்.